விதைமேல் ஒட்டிய பிசின்

துபாய்க்கு வேலைக்குப் போகும் அக்கா மகனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மோர்மிளகாய், மாவடு எல்லாம் உள்ளே போய்விட்டன. கடைசியில் அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தை மூலையில் செருகப் போனார். "பாட்டி, கசகசாவா? அத எடுத்துடுங்க. ஏர்போர்ட்லயே பிடிச்சு உள்ள வச்சுடுவான்" என்றான் பையன். அம்மா நம்பவில்லை. "குருமாவுக்கு அரைக்கிற சாமானுக்கு எவன்டா ஜெயில்ல போடுவான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பையன் சொன்னதும் உண்மை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை உண்டு. சிங்கப்பூரிலும் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். காரணம், கசகசா என்பது அபினிச் செடியின் விதை. அந்தச் செடியின் காய் பச்சையாக இருக்கும்போது தோலைக் கீறினால் பால் வடியும்; அது உறைந்தால் அபின். அதே காய் முற்றிக் காய்ந்தபின் உடைத்துக் கொட்டினால் கசகசா. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கம் அரசிடம் உரிமம் வாங்கிய விவசாயிகள் ஒரே வயலில் இரண்டையும் எடுக்கிறார்கள். பால் அரசுக்கு, விதை மளிகைக் கடைக்கு. போதைப்பொருள்களுக்கான 1985-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், அறுவடைக்குப் பிந்தைய அபினிச் செடியின் எல்லாப் பாகங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, விதையை மட்டும் வெளியே விடுகிறது.

ஒரு செடியின் உடம்புக்குள்ளேயே இப்படிக் கோடு கிழிக்கும் வேலையை அதே சட்டம் இன்னொரு செடியிலும் செய்திருக்கிறது. கஞ்சா என்றால் அச்செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்கிறது அது. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. ஹோலிக்கு வட இந்தியாவில் இலையை அரைத்துப் பாங்கு குடிப்பதும், சில மாநிலங்களில் அதற்கு உரிமம் பெற்ற கடைகள் இருப்பதும் இந்த இடைவெளியில்தான். விதையின் கதை வேறு. அது போதைப்பொருள் இல்லை என்று சட்டம் சொன்னாலும், உணவு என்று வெகுகாலம் யாரும் சொல்லவில்லை. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதைச் சொன்னது. கஞ்சா விதை, அதன் எண்ணெய், அதன் மாவு ஆகியவற்றை உணவாகவோ உணவில் சேர்க்கும் பொருளாகவோ விற்கலாம், சில அளவுகளுக்கு உட்பட்டு. அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்குமுன் பெயர்த் தகராறு ஒன்றைத் தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஹெம்ப் என்பதற்குப் பழைய அகராதிகள் சணல் என்று போட்டுவிட்டன. நமக்குச் சணல் என்றால் கோணிப்பை. அது வங்காளத்துச் செடி, கஞ்சாவுக்கு உறவே இல்லை. நம் வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்புக்கும் ஆங்கிலத்தில் ஹெம்ப் என்ற ஒட்டுப்பெயர் உண்டு. அது அவரைக் குடும்பம். நார் தரும் புளிச்சைக்குத் தாவரவியலார் வைத்த பெயரின் பின்பாதி 'கன்னாபினஸ்', அதாவது கஞ்சா போன்றது. அதுவோ செம்பருத்தியின் தங்கை. நார் தந்த செடிக்கெல்லாம் வெள்ளைக்காரன் ஹெம்ப் என்று பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறான். உண்மையான ஹெம்ப் கஞ்சாச் செடியேதான், வேறு இனம் இல்லை. போதைச் சரக்கு குறைவாக ஊறும் வகைகளை மட்டும் உலகம் ஹெம்ப் என்கிறது. நாம் நார்க்கஞ்சா என்று சொல்லிக்கொள்ளலாம்.

போதைச் சரக்கு என்று நான் சொல்வது டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. இது செடி முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெண் பூவை ஒட்டி இருக்கும் சிற்றிலைகளை, அதாவது பூவடிச் செதில்களை, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பனித்துளி உறைந்தாற்போல ஏதோ மின்னும். நுண்ணோக்கியில் அதுவே குண்டூசிக் காடு: மெல்லிய காம்பு, அதன் உச்சியில் உருண்டைத் தலை. சுரப்பித் தூவிகள் என்று இவற்றுக்குப் பெயர். அந்த உருண்டைக்குள்தான் பிசின் ஊறுகிறது, பிசினுக்குள்தான் டி.எச்.சி. நொச்சி இலையையோ துளசியையோ கசக்கினால் கையில் மணம் ஒட்டுகிறதே, அதுவும் இப்படிப்பட்ட தூவிகள் உடைவதால்தான். செடி தன் சரக்கைத் தனக்கு வெளியே, தோல்மேல், சின்னச் சின்னக் குடுவைகளில் பூட்டி வைக்கிறது.

விதையில் சுரப்பித் தூவி கிடையாது. விதைக்குள் இருப்பது எண்ணெயும் புரதமும். தோல் நீக்கிய விதை 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம், 48 கிராம் கொழுப்பு. நிலக்கடலையின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்டின் குமாவோன் மலைவீடுகளில் இந்த விதையை வறுத்து, சீரகம், மிளகாய், மல்லித்தழை வைத்து அம்மியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து சட்னி செய்கிறார்கள். பாங் கீ சட்னி என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டுச் சமவெளிக்காரர்கள் கண்ணடிப்பார்கள். சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அதே மலையில் பாங்ஜீரா என்று இன்னொரு விதையும் விற்கும். அது துளசிக் குடும்பத்துச் செடி, கஞ்சாவோடு சம்பந்தமில்லை. பெயரை நம்பிச் சட்டம் எழுத முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சி.

விதைக்குள் டி.எச்.சி. இல்லையென்றால் அதற்கு எதற்கு அளவு? சிக்கல் அறுவடையில் இருக்கிறது. ஒவ்வொரு விதையும் ஒரு பூவடிச் செதிலின் மடியில்தான் முற்றுகிறது. கதிரடிக்கும்போது அந்தச் செதில் நசுங்கும், குடுவைகள் உடையும், பிசின் விதையின் ஓட்டில் பூசிக்கொள்ளும். பலாப்பழம் அறுத்த கத்தியால் வேறெதை நறுக்கினாலும் பால் ஒட்டுவதைப் போல. கசகசாவிலும் இதே கதை: கீறிய காயின் பாலும் நொறுங்கிய காயின் தூளும் விதைமேல் படிகின்றன. அபினின் போதைச் சரக்கான மார்ஃபின் விதைக்குள் ஊறியதல்ல, வழியில் ஒட்டியது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனை மிக எளிமையானது. போதைக்கு வளர்க்கும் வகையின் விதைகளையும் நார்க்கஞ்சா விதைகளையும் எடுத்தார்கள். அரைத்து அளந்தபோது முதல் வகையில் கிலோவுக்கு 35.6 முதல் 124 மில்லிகிராம் வரை டி.எச்.சி. கிடைத்தது, நார் வகையில் பூஜ்யத்திலிருந்து 12 வரை. பிறகு விதையை முழுதாகவே வைத்து, பிசினைக் கரைக்கும் குளோரோஃபார்மில் அலசினார்கள். இருந்த டி.எச்.சி.யில் 90 விழுக்காடு வரை அந்தக் கழுவலோடு போய்விட்டது. விதைக்குள்ளே ஊறியிருந்தால் மேலே அலசியதும் போகாது. அரிசி களைந்த தண்ணீரில் தவிடு போகும், அரிசி போகாது, அதே தர்க்கம்தான்.

ஆக, விதை உணவைக் கட்டுப்படுத்துவது என்றால் நடைமுறையில் விதைமேல் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்று சொல்வதுதான். கொஞ்சம்கூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன? அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஹெம்ப் எண்ணெய் உட்கொண்டவர்களின் சிறுநீரில் கஞ்சாவின் தடம் தெரிந்தது. போதைச் சோதனையில் மாட்டியவர்கள் எண்ணெயைக் காட்டித் தப்பப் பார்த்தார்கள். 2001 அக்டோபரில் போதைப்பொருள் ஒழிப்பு முகமை, துளி டி.எச்.சி. இருந்தாலும் அந்த உணவு சட்டவிரோதம் என்று அறிவித்தது. வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2004 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் விதியைத் தள்ளிவிட்டது. சட்டம் விட்டுவைத்த விதையை அதிகாரிகள் விதி போட்டுப் பிடிக்க முடியாது என்பது சாரம்.

நீதிமன்றத்தின் காரணம் சட்டம் சார்ந்தது. எனக்குப் பிடித்த காரணம் கருவி சார்ந்தது. துளிகூட இல்லை என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. 'என் கண்ணுக்குத் தெரியவில்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு கருவிக்கும் அதற்குக் கீழே பார்க்க முடியாத ஓர் அளவு உண்டு. அதைக் காணும் எல்லை என்று சொல்லலாம். புதிய கருவி வர வர அந்த எல்லை இறங்கிக்கொண்டே போகும். நேற்று சுத்தமாக இருந்த அதே எண்ணெய்க் குப்பி, ஆய்வுக்கூடத்தில் புது இயந்திரம் வந்து இறங்கிய அன்று அசுத்தமாகிவிடும். பூஜ்யம் என்று விதி எழுதுகிறவர் விதியை இயந்திரக் கம்பெனியின் கையில் கொடுத்துவிடுகிறார். கசகசாவிலும் இது நடந்தது: பணியாளர்களின் சிறுநீர்ச் சோதனையில் மார்ஃபினுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த வரம்பை 1998-இல் அமெரிக்கா 2000 ஆக்கியது, கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களெல்லாம் மாட்டியதால்.

அப்படியானால் எண் வேண்டும். எந்த எண்? இங்கே பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். முதலில் மனித உடம்பைக் கேட்பது: எவ்வளவு உள்ளே போனால் ஏதாவது தெரிகிறது? டி.எச்.சி. ஒரு மருந்தாகவும் பயன்படுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலுக்கும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் மாத்திரையாகத் தருகிறார்கள். சிறிய மாத்திரை 2.5 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இந்த 2.5 மில்லிகிராமைத்தான் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒரு விளைவு தெரிந்த மிகக் குறைந்த அளவு அது. விளைவே தெரியாத அளவு இன்னும் கீழே இருக்க வேண்டும். அதற்கு ஒரு வகுத்தல். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது; அதற்கு இன்னொரு வகுத்தல். மொத்தம் 30-ஆல் வகுத்தார்கள். காப்பு வகுத்தல் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். முடிவில் வந்தது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு ஒருநாளில் 60 மைக்ரோகிராம், அதாவது 0.06 மில்லிகிராம்.

இப்போது இந்திய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். விதையில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, எண்ணெயில் 10, பானங்களில் 0.2. (ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதித்திருக்கும் அளவுகளும் இவையே, ஆஸ்திரேலியாவில் 2017 நவம்பர் 12 முதல் இந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன.) மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிகின்றன. எண்ணெய்க்குச் சலுகையும் பானத்துக்குக் கெடுபிடியும் ஏன்? எனக்கும் முதலில் புரியவில்லை. கையில் பென்சில் எடுத்து ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகும் என்று போட்டுப் பார்த்தேன். விதை ஒரு பெரிய கரண்டி, 10 கிராம்: 0.05 மில்லிகிராம். எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 5 கிராம்: 0.05. பானம் ஒரு டம்ளர், 250 கிராம்: மறுபடி 0.05. வரம்பைத் தொட்டு நிற்கும் சரக்காக இருந்தாலும், எந்த வழியில் போனாலும் உடம்பில் சேர்வது ஒன்றே. அதுவும் ஐரோப்பியர்களின் 0.06-க்குச் சற்றே கீழே.

எண்ணெய்க்கு வரம்பு இரண்டு மடங்கானதில் வேதியியலும் இருக்கிறது. டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது மிளகாயின் சிவப்பு எண்ணெயில் இறங்குகிறது, ரசத்துத் தண்ணீரில் இறங்குவதில்லையே, அதைப் போல. விதையைச் செக்கிலிட்டுப் பிழிந்தால் ஓட்டில் ஒட்டிய பிசின் எண்ணெயோடு போய்விடும். பிண்ணாக்கில் குறைவாகவே தங்கும். விதை ஓரளவு சுத்தமாக இருந்தால்கூட எண்ணெயில் எண் கூடியே தீரும்.

திரும்பவும் அந்த மிசிசிப்பி விதைக்குப் போவோம். போதை வகை, கழுவாதது, கிலோவுக்கு 124 மில்லிகிராம். அதில் இரண்டு பெரிய கரண்டி எடுத்து அரைத்தால் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம், ஒரு மாத்திரை. இந்திய வரம்புக்குள் இருக்கும் விதையில் அதே அளவை எட்ட அரைக்கிலோ தின்ன வேண்டும். கழுவாத போதை வகை விதைக்கும் வரம்புக்குள் நிற்கும் விதைக்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான். பெரியவர்கள் தரப்பில் எனக்குக் கவலையில்லை. குழந்தை விஷயம் கொஞ்சம் இடிக்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐரோப்பியக் கணக்கில் 0.015 மில்லிகிராம்தான், வரம்பைத் தொட்ட விதையில் அது மூன்றே கிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் விதைக்கு 3, எண்ணெய்க்கு 7.5 என்று இன்னும் கீழான வரம்பு வைத்தது இப்படிப்பட்ட கணக்குகளால்தான். 30-ஆல் வகுத்துக் கிடைத்த எண்ணைத் தாண்டினால் குழந்தை மயங்கி விழும் என்று பொருளில்லை. ஆனால் கஞ்சிமாவில் கலந்து தினம் ஊட்டுவதற்கு இந்த விதையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இந்த எண்களை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செடியில் ஊறுவது உண்மையில் டி.எச்.சி. இல்லை, அதன் அமிலம், டி.எச்.சி.ஏ. என்பார்கள். பச்சையாகத் தின்றால் அந்த அமிலம் போதை ஏற்றாது. சூடு பட்டால் அதன் மூலக்கூறிலிருந்து ஒரு கரியமில வாயு பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் டி.எச்.சி. கஞ்சாவைப் புகைப்பது இதனால்தான். குமாவோன் சட்னிக்கு விதையை வறுக்கும் வாணலியிலும் சிறிய அளவில் இதே வேதியியல் நடக்கிறது. எனவே உணவை அளக்கிறவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐரோப்பிய விதியில் அமிலத்தை 0.877-ஆல் பெருக்கி டி.எச்.சி.யோடு கூட்டுகிறார்கள். அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? 100 கிராம் அமிலத்திலிருந்து வாயு போனால் 87.7 கிராம் மிஞ்சும், அவ்வளவே. ஈரத் தேங்காயைக் கொப்பரைக் கணக்கில் சொல்வது மாதிரி.

அளக்கும் இயந்திரமும் இதில் ஏமாற்றும். பள்ளியில் சாக்பீஸின் அடியில் மைப்பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தியிருப்பீர்கள். ஏறும் ஈரம் கருப்பு மையை நீலமாகவும் சிவப்பாகவும் பிரித்துக் காட்டும். வண்ணப்பிரிகை என்று பாடப்புத்தகம் சொன்னது. ஆய்வுக்கூடத்திலும் தத்துவம் அதுதான். சாக்பீஸுக்குப் பதில் நீண்ட குழாய். ஒரு வகை இயந்திரம் சரக்கை ஆவியாக்கிக் குழாயில் அனுப்புகிறது, இன்னொன்று திரவமாகவே அனுப்புகிறது. ஆவியாக்கும் இயந்திரத்தின் வாசலிலேயே சூட்டில் அமிலம் டி.எச்.சி.யாக மாறிவிடும். ஒரே விதையை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால், ஒன்று 'டி.எச்.சி. அதிகம்' என்றும் மற்றது 'டி.எச்.சி. குறைவு, அமிலம் அதிகம்' என்றும் சொல்லும். இரண்டுமே உண்மை. விதியில் 'மொத்த' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் வழக்கறிஞர்களுக்குக் கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டம் அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. அதைச் சொல்ல 0.3 விழுக்காடு என்ற புகழ்பெற்ற எண்ணுக்கு வரவேண்டும். எர்னஸ்ட் ஸ்மால் என்ற கனடியத் தாவரவியலாளர் 1970-களில் பல நாட்டுக் கஞ்சா விதைகளை ஒட்டாவாவில் விதைத்து அளந்தார். செடிகள் ஓரளவு இரண்டு கூட்டமாகப் பிரிவதைப் பார்த்து, 1976-இல் ஆர்தர் கிரான்குவிஸ்ட்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், உலர்ந்த இளம் இலையில் 0.3 விழுக்காடு டி.எச்.சி. என்று நடுவில் ஒரு கோடு போட்டார். வகைப்பாட்டு வசதிக்காக நாங்களாகப் போட்டுக்கொண்ட கோடு என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எண் என்று ஒன்று அச்சில் வந்துவிட்டால் சட்டம் எழுதுகிறவர்கள் அதை விடுவதில்லை. கனடா, அமெரிக்கா, நம் உத்தராகண்ட் என்று அது ஊர் ஊராகப் போனது. 2018-இல் இந்தியாவிலேயே முதலாவதாக நார்க்கஞ்சா வளர்க்க உரிமம் கொடுத்த உத்தராகண்டும் 0.3-ஐத்தான் வைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சட்னி அரைத்த மலைச் செடிகளில் பல அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன என்பது அங்குள்ள விவசாயிகளின் தலைவலி.

0.3 விழுக்காடு என்பது கிலோவுக்கு 3,000 மில்லிகிராம். விதை உணவுக்கான 5 மில்லிகிராமைவிட 600 மடங்கு. ஒன்று வயலில் நிற்கும் செடியை அடையாளம் காண, மற்றது தட்டில் விழும் உணவுக்கு. பத்திரிகைகளில் இரண்டும் அடிக்கடி குழம்பிக் கிடக்கின்றன, 0.3-க்குக் கீழே இருந்தால் உணவுக்குப் பாதுகாப்பு என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டமே ஏறத்தாழ அந்தக் குழப்பத்தில் விழுந்தது. ஹெம்ப் என்றால் 0.3 விழுக்காட்டுக்கு மேல் 'டெல்டா-9' டி.எச்.சி. (இதுவரை நாம் பேசிய டி.எச்.சி.தான்) இல்லாத செடியும் அதிலிருந்து எடுத்த எல்லாமும் என்று சொல்லி, போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வயலுக்கான எண்ணை வியாபாரிகள் மிட்டாயில் வைத்துப் பார்த்தார்கள். 4 கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 விழுக்காடு என்றால் 12 மில்லிகிராம். மேலே சொன்ன மாத்திரையைப் போல ஏறக்குறைய ஐந்து. சட்டப்படி அதுவும் ஹெம்ப்! வேறு சிலர் அதே செடியில் ஊறும் போதையற்ற சரக்கான சி.பி.டி.யை வேதியியல் முறையில் டெல்டா-8 டி.எச்.சி. என்ற போதை தரும் உடன்பிறப்பாக ஆக்கினார்கள். சட்டத்தில் 9 என்றுதானே எழுதியிருக்கிறது?

மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மின்னசோட்டா 2022-இல், ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு கட்டி அனுமதித்தது. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில், கண்டறியக்கூடிய டி.எச்.சி. எதுவும் ஹெம்ப் உணவில் இருக்கக் கூடாது என்று அவசர விதி போட்டது. பழைய பூஜ்யம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் மூலச் சட்டத்தையே திருத்தி, ஓராண்டு அவகாசம் கொடுத்து, விற்பனைக்கு வரும் ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் என்று நிறுத்தியது. விழுக்காட்டை விட்டுவிட்டு மில்லிகிராமுக்கு வந்தது சரியான திசை என்பது என் எண்ணம். உடம்புக்கு விழுக்காடு தெரியாது.

இந்தக் குழப்பம் முழுக்க இலையையும் பூவையும் பிழிந்து எடுத்த சரக்கைச் சுற்றியது. விதைக்கு அங்கே 2018 டிசம்பரிலேயே வழி பிறந்துவிட்டது: தோல் நீக்கிய விதை, விதைப் புரத மாவு, விதை எண்ணெய் மூன்றும் பொதுவாகப் பாதுகாப்பானவை என்ற நிறுவனத் தரப்பு வாதத்தை உணவு மருந்து நிர்வாகம் மறுக்கவில்லை. சி.பி.டி.யை உணவில் சேர்ப்பதை மட்டும் அது தடுத்தது. அதே ஆண்டு ஜூனில் சி.பி.டி. வலிப்பு மருந்தாக ஒப்புதல் பெற்றிருந்தது; மருந்தான பொருளை மளிகையாக விற்க முடியாது என்பது அவர்கள் சட்டம். இந்தியா விதை உணவில் சி.பி.டி.க்கும் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. விதையோடு தானாக ஒட்டி வருவது இருக்கட்டும், வெளியிலிருந்து ஊற்றாதே என்பது அதன் பொருள்.

அக்கா மகன் போன மறுவாரம், ஆர்கானிக் கடை ஒன்றிலிருந்து தோல் நீக்கிய ஹெம்ப் விதை 100 கிராம் வாங்கி வந்தேன். உடைத்த வெள்ளை எள்ளைப் போல, ஓரத்தில் லேசான பச்சை. வாயில் போட்டால் முந்திரியும் பச்சைக் கடலையும் கலந்த ருசி. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மாவுக்கு இது எந்தச் செடி என்று பிடிபடவில்லை. பிடிபடக் கூடாது என்பதும் விதிதான்: ஏழு விரல் விரித்த அந்த இலையின் படம் போடக் கூடாது, கஞ்சாவைக் குறிக்கும் சொல் எதுவும் கூடாது, போதை ஏறும் என்ற சாடை கூடாது. விதையின் படம் போடலாம். நான் சொன்னதும் அம்மா பாக்கெட்டைச் சட்டென்று மேடைமேல் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்குத் தேங்காயோடு கசகசாவை ஊறவைத்துக்கொண்டே கேட்டார்: "இதையும் அவன் துபாய்க்கு எடுத்துட்டுப் போக முடியாதில்ல?"

"முடியாதும்மா."

"ரெண்டையும் நல்லாக் களைஞ்சு குடுத்தா?"

அவர் கையிலிருந்த கிண்ணத்தில் ஊறவைத்த தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அதை வடித்துக் கொட்டிவிட்டு அரைக்கப் போட்டார்.